எண்ணும்போது சேர்த்தவர்கள், பங்கிடும்போதும் சேர்க்கட்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகத்தைச் சுற்றியே இருக்கின்றன. வெட்டுப்புள்ளி, விடுதி, பகிடிவதை, மொழி, போராட்டம் என்று ஆளுக்கொரு பக்கத்தால் வருகிறீர்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இடமும் வேண்டும், மனமும் இதிலேயே நிற்கிறது.

பசறையிலிருந்து ஓர் உயர்தர மாணவி: "பதுளைக்காரருக்கு வெட்டுப்புள்ளி குறைவு, அது சலுகை" என்று கொழும்பில் இருக்கிற மாமா வீட்டார் சொல்கிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது அக்கா. உண்மையா?

கூச்சத்தை விடுங்கள் தங்கச்சி, கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி போகிறது. 55 இடம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை அளவில் பிரிகிறது. மிச்சம் 5 இடம், கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. ஊவாவின் இரண்டு மாவட்டங்களும், பதுளையும் மொனராகலையும், அந்தப் பட்டியலில் உண்டு. மாமாவின் பிள்ளை படிக்கிற பாடசாலையில் இரசாயனவியலுக்கு எத்தனை ஆசிரியர், உங்கள் பாடசாலையில் எத்தனை பேர் என்று அடுத்த முறை நீங்களே கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

ஹாலி-எலயிலிருந்து ஓர் ஆசிரியர்: மாவட்ட ஒதுக்கீடு இவ்வளவு காலமாக இருக்கிறது. இருந்தும் லயத்துப் பிள்ளை ஒன்று மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ போனால் பத்திரிகையில் படம் வருகிறது. படம் வரும் அளவுக்கு அது ஏன் அபூர்வமாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் சேர்.

மாவட்டத்துக்குக் கிடைக்கும் 55 வீதப் பங்கு சனத்தொகையைப் பார்த்து வருகிறது. 2012 கணக்கெடுப்பில் பதுளை மாவட்டத்தில் சுமார் 8 இலட்சத்து 15 ஆயிரம் பேர். ஐந்து பேரில் ஒருவர் தமிழர், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தோட்டத்தைச் சேர்ந்த மலையகத் தமிழர். மடுல்சீமையில், நமுனுகுலையில், தெமோதரையில், அப்புத்தளையில் லயங்களில் இருக்கிற ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்டுத்தான் பதுளைக்கு இத்தனை இடம் என்று தீர்மானமாகிறது. இடம் வந்த பிறகு அது மாவட்டத்துக்குள் எப்படிப் பிரிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நகரத்தில் ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் கிடைக்கிற பிள்ளையும், விடிகாலையில் மலையிறங்கி பஸ் பிடிக்கிற பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவருக்கும் பெயர் "பதுளை மாவட்ட மாணவர்".

பாடசாலை வகைகள் உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு உள்ளது 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. அதற்குக் கீழே 2, 3 என்று வகைகள். தோட்டப் பகுதியில் பெரும்பாலானவை கீழ் வகைகள். பிள்ளைக்கு விஞ்ஞானம் படிக்க ஆசை இருந்தாலும் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. பக்கத்து நகரப் பாடசாலைக்குப் போனால் இடம் இல்லை. இடம் கிடைத்தால் பஸ் காசு இல்லை. கடைசியில் கலைப்பிரிவு. அங்கே மாவட்ட ஒதுக்கீடு கிடையாது, தெரிவு அகில இலங்கைத் திறமைப்படி நடக்கிறது. பின்தங்கிய மாவட்டத்துக்கென்று வைத்த பாதுகாப்பு, மாவட்டத்திலேயே பின்தங்கிய பிள்ளை நிற்கிற வாசலில் இல்லை.

ஆய்வுகூடத்தில் பியூரெட்டின் குழாயைத் திருகி, துளித்துளியாக விட்டு, கூம்புக் குடுவையில் இளஞ்சிவப்பு வந்து நிற்கிற அந்தத் துளியைப் பிடிக்க வேண்டும். ஒரு துளி கூடினால் நிறம் அடர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இதைக் கையால் செய்து, பிழைவிட்டு, திரும்பச் செய்த பிள்ளையும், கரும்பலகையில் வரைந்த பியூரெட்டைப் பார்த்துக் கொப்பியில் வரைந்த பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். இசட் புள்ளி பாடங்களுக்கிடையிலான வித்தியாசத்தைச் சரிசெய்யும். பியூரெட் இல்லாத பாடசாலையை அதற்குத் தெரியாது.

எண்ணிக்கையில் சேர்த்துவிட்டுப் பங்கில் விடுவது நமக்குப் பழக்கமான அநியாயம். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றது. பதுளையிலிருந்து எஸ்.எம். சுப்பையா நாடாளுமன்றம் போனார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்ட மக்களில் பெரும்பாலானோர் பிரஜாவுரிமையை இழந்தார்கள், அதோடு வாக்கும் போனது. 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஆனால் அதன் பின்னும் மலைநாட்டுத் தொகுதிகள் வகுக்கப்பட்டபோது வாக்கில்லாத தோட்ட மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. நம் எண்ணிக்கையால் தொகுதி கூடியது, அதில் வாக்களித்தவர் வேறொருவர். அந்தக் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. பல்கலைக்கழக அனுமதியில் அதன் சாயல் இன்னும் நிற்கிறது என்பதே என் வாதம்.

எல்லயிலிருந்து ஒரு வாசகர்: அப்படியானால் தோட்டப் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு கேட்கலாமே? இனவாதம் என்பார்களோ?

இனத்தை வைத்துக் கேட்க வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டைப் பாருங்கள். நீட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது அருகிப்போனது. நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு 10 வீதம் பரிந்துரைத்தது. 2020இல் 7.5 வீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு அந்த இடங்கள். அடுத்த ஆண்டு அதைப் பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கும் நீட்டினார்கள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

நம் நாட்டில் பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தவையே. ஆகவே அளவுகோல் பாடசாலை வகையாக இருக்கட்டும். தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞான வசதி இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கு, மாவட்டப் பங்குக்குள்ளேயே ஓர் உள் பங்கு. உயர்தரப் பாடசாலையை அளவுகோலாக வைத்தால் கெட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள் எப்படியாவது நகரத்துக்குப் போய்த்தான் உயர்தரம் படிக்கிறார்கள், அவர்களுக்கே அது கிடைக்காமல் போகும். வெளி மாவட்டத்திலிருந்து வந்து மலையகத்தில் பரீட்சை எழுதுகிறார்கள் என்ற நெடுநாள் முறைப்பாட்டுக்கும் ஆறு வருடக் கணக்கு மருந்தாகும்.

பிபிலையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் அதே பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டுப் பேசுகிறீர்களா?

மறக்கவில்லை. மேலே சொன்ன உள் பங்கு பிபிலைக் கிராமத்துப் பிள்ளைக்கும் அப்படியே கிடைக்கும். அதற்காகவே பாடசாலையை அளவுகோலாக்கச் சொல்கிறேன். ஊவா வெல்லஸ்ஸ மக்கள் 1817-18இல் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். வயலும் குளமும் வீடும் அழிக்கப்பட்டு அந்தக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அதே ஆட்சி சில பத்தாண்டுகளுக்குப் பின் இந்த மலைகளில் கோப்பியும் தேயிலையும் நட நம் பாட்டன்மாரைக் கொண்டுவந்தது. ஒரே கை இரண்டு சனத்தையும் அடித்திருக்கிறது. 2005இல் பதுளையில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு ஊவா வெல்லஸ்ஸ என்று பெயர் வைத்தபோது முதலாவது கதை நினைவில் நின்றது. இரண்டாவது கதைக்கும் அந்த வளாகத்தில் இடம் வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து, யாழ்ப்பாணத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவர்: தரப்படுத்தலை எதிர்த்த தமிழர் இன்று ஒதுக்கீட்டுக்கு வாதாடுவது முரண் இல்லையா?

இல்லை. 1971இல் நடந்தது வேறு. அந்த ஆண்டு மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மாணவருக்கு 229. பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்துக் கோடு போட்டார்கள். எல்லா வசதியும் உள்ள பாடசாலையில் சிங்களத்தில் படித்தவருக்கும் இறங்கிய கோடு. ஒன்றுமில்லாத பாடசாலையில் தமிழில் படித்தவருக்கும் ஏறிய கோடு. அதை எதிர்த்தது நியாயம். வசதி இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கு, அது எந்த மொழி பேசினாலும், பங்கு கேட்பதும் அதே நியாயத்தின் தொடர்ச்சிதான். ஒன்றை மட்டும் யாழ்ப்பாண உறவுகளிடம் உரிமையோடு சொல்ல வேண்டும்: தரப்படுத்தலைப் பற்றி இத்தனை புத்தகங்கள் வந்தன, மலையகப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் பல்கலைக்கழக வாசல் எந்தத் தூரத்தில் இருந்தது என்று அவற்றில் எத்தனை பக்கம் பேசின?

தெமோதரையிலிருந்து: பட்டம் வாங்கியதும் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்களே?

போகட்டும், பிழைப்பு அவரவருடையது. ஆனால் இர. சிவலிங்கமும் எஸ். திருச்செந்தூரனும் ஹட்டன் ஹைலன்ட்ஸில் கற்பித்துத்தான் ஒரு தலைமுறைப் பட்டதாரிகள் உருவானார்கள். திரும்பி வந்த இரண்டு பேர் போதும் என்பதற்கு அது சாட்சி.

மடுல்சீமையிலிருந்து ஒரு தாய்: மகளுக்குக் கிழக்கில் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். பதுளையிலேயே பல்கலைக்கழகம் இருக்க அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? பகிடிவதை என்று கேள்விப்பட்டுப் பயமாகவும் இருக்கிறது.

முதலில் வாழ்த்து அம்மா. மகளுக்கும் உங்களுக்கும்.

மகள் தமிழில் கலைப்பிரிவு படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பசறை வீதியில் இருக்கிற நம் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிவழிக் கலைப்பீடம் இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு என்று பிரிந்து போகிறார்கள். பதுளைத் தமிழ்ப் பிள்ளைக்குப் பதுளைப் பல்கலைக்கழகம் எட்டாமல் இருப்பது சரியில்லை. அதைத் தனியாக ஒரு கோரிக்கையாக எடுக்க வேண்டும்.

பயத்துக்கு வருகிறேன். 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி பகிடிவதை குற்றம், நீதிமன்றம் சிறையில் போடலாம், பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கவும் உத்தரவிடலாம். மகளிடம் மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்கள். யாராவது வற்புறுத்தினால் நாள், நேரம், இடம் எழுதி வைக்கட்டும். மாணவர் ஆலோசகர், விடுதிப் பொறுப்பாளர் இருவரது இலக்கத்தையும் முதல் நாளே வாங்கிக்கொள்ளட்டும். "எல்லாரும் அனுபவித்ததுதான், பொறுத்துப் போ" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. மூன்றாவது உங்களுக்கும் வீட்டில் இருக்கிற அண்ணன்மாருக்கும்.

ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு கொழுந்துத் தொழிலாளியின் மகன்: மகாபொல போதுமா அக்கா?

போதாது தம்பி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல உதவித்தொகை மாதத்துக்கு 7,500 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தாலும் அம்மா ஆறு நாள் மலையேறினால் வருகிற பணத்தை விட அது குறைவாகவே இருந்தது. அதைக் கொண்டு ஒரு மாதம் சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி. ஆனாலும் விண்ணப்பத்தை விடாதீர்கள். அப்பா அம்மாவின் வருமானச் சான்றுக்குத் தோட்டக் காரியாலயக் கடிதம், கிராம உத்தியோகத்தர் கையெழுத்து, பிரதேச செயலகம் என்று மூன்று இடம் அலைய வேண்டிவரும். கடைசி நாளுக்கு வைக்க வேண்டாம். வேலை நாள் ஒன்று போனால் அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது என்பதால், முடிந்தால் நீங்களே போங்கள்.

பல்கலைக்கழக மாணவி, ஊர் வேண்டாம் என்கிறார்: எங்கள் விடுதிப் பலகையில் அறிவித்தல்கள் எல்லாம் ஒரே மொழியில்தான். தண்ணீர் வெட்டு எப்போது என்பதைக்கூடத் தோழியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இதைப் பெரிதுபடுத்தலாமா?

பெரிதுபடுத்துங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தம் சொல்கிறது. 1988இன் 16ஆம் திருத்தம் நிர்வாக மொழியாகவும் அதை விரித்தது. மொழி உரிமை மீறப்பட்டால் முறைப்பாடு செய்ய 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள். கிராமத்தில் கிடைக்கிற உரிமை வளாகத்தில் இல்லாமல் போகாது.

முதலில் விடுதிப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம். பலகையைப் படம் எடுத்து இணையுங்கள். கையெழுத்தில் சிங்களத் தோழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலகையைப் படித்துச் சொல்கிற அந்தத் தோழி கட்டாயம் கையெழுத்து வைப்பார்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவர்: "பன்முகத்தன்மை நாள்" என்று பொங்கல் வைத்தோம், வெசாக் கூடு கட்டினோம், நோன்புக் கஞ்சி பகிர்ந்தோம். போதும்தானே?

பொங்கல் நல்லது, கஞ்சியும் நல்லது. அந்த நாளுக்குப் பணம் ஒதுக்கிய குழுவில் தோட்டத்திலிருந்து வந்த மாணவர் எத்தனை பேர்? பானை தூக்கக் கூப்பிட்டவரைக் கூட்டத்துக்கும் கூப்பிட்டீர்களா?

அப்புத்தளையிலிருந்து ஒரு தகப்பன்: படிக்கப் போன பிள்ளைகளுக்கு ஏன் இந்த ஊர்வலமும் கோஷமும்? பேசாமல் படித்துவிட்டு வரக் கூடாதா?

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. மகன் ஒரு வருடம் பிந்தினால் வீட்டுக் கடன் ஒரு வருடம் நீளும். வகுப்பைப் பகிஷ்கரிக்கிற அழைப்பு வரும்போதெல்லாம் ஓடிப் போகச் சொல்லி நானும் எந்த மாணவரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆனால் கேட்டால்தான் கிடைக்கும் என்பதைப் பதுளை மண்ணுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1940 மே மாதம், பதுளைக்குப் பக்கத்திலேயே வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்கள் துணை நின்றார்கள். தொழிலாளர் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. எழுதப் படிக்க வசதி இல்லாத மக்கள், வெள்ளைக்காரத் துரையின் காலத்தில், நிர்வாகத்தில் தங்களுக்கொரு குரல் வாங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் வாய்மூடி இருக்க வேண்டுமா?

வீதிக்கு வராமல் பேசுகிற இடமும் உண்டு. பீடச் சபையில் அந்தப் பீட மாணவர்கள் தெரிவுசெய்கிற இருவருக்கு ஆசனம் இருக்கிறது. பாடத்திட்டம், நேரசூசி, மொழி உதவி எல்லாம் பேசப்படுகிற மேசை அது. பலர் அந்தத் தேர்தலைக் கவனிப்பதே இல்லை. மகனிடம் கேளுங்கள்: அவருடைய பீடத்தில் அந்த இருவர் யார்? தெரியாது என்றால், அடுத்த முறை அவரையே நிற்கச் சொல்லுங்கள்.

வெலிமடையிலிருந்து ஒரு திருச்சபை இளைஞர் குழு: வெளிநாடுகளில் லூத்தரன் பல்கலைக்கழகங்கள் பன்முகத்தன்மை, நீதி என்று நிறையப் பேசுகின்றன. தமிழ் லூத்தரன் வரலாற்றில் அதற்கு வேர் இருக்கிறதா?

வேரும் இருக்கிறது, காயமும் இருக்கிறது. லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் கற்றார், பள்ளிக்கூடம் வைத்தார், பெண்பிள்ளைகளுக்கும் வைத்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. இது எல்லாரும் சொல்கிற பாதி. 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார், அவர் வேளாளர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் ஆண்டுக்கணக்காக ஊழியம் செய்து பல சபைகளை வளர்த்தார். பறையர் சமூகத்தவர் என்பதால் அவர் குருவாவதற்கு எதிர்ப்பு வந்தது. 1741இல் தியோகு என்பவருக்குப் பட்டம் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து இறந்தார்.

மேகாலயாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் மார்ட்டின் லூத்தர் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஷில்லாங்கில் உருவானது. நம் ஊவா வெல்லஸ்ஸவும் அதே ஆண்டுப் பிள்ளைதான். ஒன்று திருச்சபைப் பின்னணி, மற்றது அரசாங்கம். இரண்டும் மலைநாட்டில், வெளியாரால் ஒதுக்கப்பட்ட மக்கள் நடுவில். எந்தப் பல்கலைக்கழகமானாலும் எனக்கு ஒரே கேள்வி: ராஜநாயக்கன்களுக்கு அங்கே பட்டம் உண்டா, உபதேசியார் வேலை மட்டும்தானா? உங்கள் குழுவும் தன் சபையில், தன் தோட்டத்தில், கோயில் நிர்வாகத்தில், கல்யாணப் பேச்சில் இதைக் கேட்கலாம். லயத்துக்குள்ளும் சாதி இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு வெளியில் நீதி கேட்டால் குரல் தடுமாறும்.

பதுளையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர்: நம் பிள்ளையை இனப்பெயர் சொல்லித் திட்டி எழுதிய துண்டு என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. உடனே வகுப்பை நிறுத்திப் போராட வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

துண்டை முதலில் யார் கண்டார், எங்கே, எப்போது என்று கேளுங்கள். 2017இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் செயின்ட் ஓலாஃப் என்ற லூத்தரன் கல்லூரியில் இதுதான் நடந்தது. கறுப்பின மாணவிக்கு இனவெறித் துண்டு வந்ததாகச் செய்தி பரவியது. மாணவர்கள் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடினார்கள், ஒரு நாள் வகுப்புகள் நின்றன. சில நாளில் அந்தத் துண்டு புனையப்பட்டது என்று கல்லூரித் தலைவர் அறிவித்தார். அதற்கு முன் வேறு சம்பவங்களும் அங்கே முறைப்பாடாகியிருந்தன. மாணவர்களின் கோரிக்கைகளில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு துண்டு, நம்ப மனமில்லாதவர் கையில் ஆயுதமாகிவிட்டது.

ஆகவே உண்மை தெரியும்வரை படத்தைப் பகிராதீர்கள். உண்மை என்றால் எழுத்தில் முறைப்பாடு, சாட்சியோடு. நமக்கு உண்மையான குறைகளே போதுமான அளவு இருக்கின்றன.

பிந்துனுவெவவிலிருந்து ஓர் ஆசிரிய மாணவி: எங்கள் தொகுதியில் மூன்று இனமும் நட்பாக இருக்கிறோம். பழைய கலவரங்களைப் பேசாமல் விடுவதே ஒற்றுமைக்கு நல்லது என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நீங்கள் படிக்கிற ஊரின் பெயரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது தங்கச்சி. 2000 அக்டோபர் 25ஆம் திகதி காலை, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்தது. அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த, கையில் ஆயுதமில்லாத தமிழ் இளைஞர் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரை வெட்டியும் எரித்தும் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005க்குள் மேன்முறையீட்டில் எல்லாரும் விடுதலையானார்கள். இன்றுவரை அந்தக் கொலைகளுக்குத் தண்டனை பெற்றவர் எவரும் இல்லை. 1983 ஜூலையில் பதுளை நகரில் எரிந்த கடைகளும் வீடுகளும் இன்னொரு கணக்கு.

இதைப் பேசினால் நட்பு உடையும் என்றால் அந்த நட்பு எதன்மேல் நிற்கிறது? குற்றம் செய்தவர் அந்தக் கும்பல். அதைத் தடுக்காமல் நின்றவர்கள் பொலிஸார். உங்கள் சிங்களத் தோழி அப்போது பிறந்திருக்கவே மாட்டார். அவரைக் குற்றவாளி ஆக்காமல், நடந்ததை மறைக்காமல், இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கலாம். நாளைக்கு நீங்கள் இருவரும் ஆசிரியைகள். மேசைக்கு முன்னால் இருக்கிற பிள்ளை "டீச்சர், இங்கே என்ன நடந்தது?" என்று கேட்கும். இருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

லுணுகலையிலிருந்து: தேயிலைத் தொழினுட்பம் என்று ஒரு பட்டம் பதுளையில் உண்டாமே? கொழுந்து பறிக்கிறவர் பிள்ளை அதைப் படித்து மறுபடி தோட்டத்துக்கா போவது?

போகட்டுமே, தரத்தோடு போகட்டும். தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் ஊவா வெல்லஸ்ஸவின் முக்கியமான பட்டங்களில் ஒன்று. வாட்டும் தொட்டியில் கொழுந்து எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டும், அரைத்தபின் எப்போது செம்பு நிறம் ஏறும், எந்த நொடியில் உலைக்குப் போட வேண்டும் என்பதெல்லாம் ஆலையில் வேலை செய்த அப்பாவுக்கு மூக்கால் தெரியும். அந்த அறிவுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. பிள்ளைக்குக் கிடைக்கட்டும். நிறுவைக் களத்தில் "தண்ணி, கூடை" என்று கிலோக் கழிக்கிற வழக்கத்தை விஞ்ஞானக் கணக்கோடு கேள்வி கேட்கிற அதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வந்தால், அம்மாமாருக்கு அதைவிடப் பெரிய உதவி ஏது?

பதுளையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அதிபர்: நீங்கள் சொல்லும் உள் பங்குக்கு முதலில் கணக்கு வேண்டும். பதுளை மாவட்டத்துக்கு வந்த மருத்துவ, பொறியியல் இடங்கள் எந்தப் பாடசாலைகளுக்குப் போயின என்று யாரிடம் கேட்பது?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும்.

மாணவர் பெயர் எதையும் கேட்காதீர்கள், மறுக்க அது சாக்காகும். கடந்த ஐந்து கல்வியாண்டுகளில் பதுளை மாவட்டத்திலிருந்து ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தெரிவானோர் எத்தனை, அவர்கள் உயர்தரம் தோற்றிய பாடசாலை எது, தமிழ்மொழியில் தோற்றியோர் எத்தனை. இந்த மூன்று மட்டும். சாதாரண தரம் படித்த பாடசாலையையும் பதிவுசெய்கிறார்களா என்று நாலாவதாக ஒரு கேள்வி சேர்த்தால் இன்னும் நல்லது. "எங்களிடம் அந்த விபரம் இல்லை" என்று பதில் வந்தாலும் கடிதத்தை எறிய வேண்டாம், எனக்கு அனுப்புங்கள். அந்த விபரத்தை இனிமேல் சேகரிக்கச் சொல்வதே அடுத்த கோரிக்கை. பசறை, அப்புத்தளை, பண்டாரவளைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும் இதே நாலு கேள்வியைத் தனித்தனியாக அனுப்பினால், ஒரே வாரத்தில் ஒரே மாவட்டத்திலிருந்து பல உறைகள் அந்த மேசைக்குப் போகும்.